குளம், கேணி, தாங்கி: வன்னியில் ‘டாங்க்’ என்ற சொல்லின் நடமாட்டம்

இலங்கை அரச ஆவணங்களின் ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்றால் முதலில் குளம். அதே சொல் இங்கிலாந்தில் வளர்ந்தவருக்குத் தண்ணீரோ எண்ணெயோ நிரப்பும் பெட்டியை அல்லது சங்கிலிச் சில்லில் ஊர்ந்து வரும் போர்வண்டியை நினைவூட்டும். புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பாதையில், வவுனியா மாவட்டத்தின் வடக்கே இருக்கும் நெடுங்கேணி இந்த மூன்றையும் கண்டிருக்கிறது. ஊரார் குளத்தை எந்நாளும் குளம் என்றே சொன்னார்கள். ‘தாங்கி’ என்பதைப் பெட்டிக்கும் போர்வண்டிக்கும் வைத்துக்கொண்டார்கள். ‘டாங்க்’ குளத்தைக் குறித்தது கச்சேரிக் கோப்பிலும் வரைபடத்திலும்தான். அந்தக் கோப்பை வைத்தே ஒன்றரை நூற்றாண்டாகக் குளங்கள் திருத்தப்பட்டும் கைவிடப்பட்டும் வந்ததால், இந்தச் சொல்லின் கதை வன்னிக் குளங்களின் கதையோடு சேர்ந்தே ஓடுகிறது.

ஆங்கிலேயர் இதைத் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு இதையொத்த சொற்கள் உண்டு. போர்த்துக்கேயர் தங்கள் நாட்டுக் குளத்தைத் ‘தாங்க்கே’ என்றனர். அதன் வேர் தேங்கிய நீரைக் குறிக்கும் லத்தீன் சொல். இரண்டும் மேற்கு இந்தியத் துறைமுகங்களில் கலந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில வணிகர் வாயில் ஏறின. 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அகராதி இதை இந்திய மூலமும் ஐரோப்பிய மூலமும் கொண்ட சிக்கலான சொல்லாகவே பதிந்தது. சென்னை மாகாணத்துக் கோப்புகளில் ஏரி, கண்மாய், தாங்கல், ஊருணி எல்லாமே ‘டாங்க்’ ஆயின. கொழும்பிலும் அதே பழக்கம். கணக்கு எழுதுபவருக்கு இது வசதிதான். தண்ணீர் பாய்ச்சுபவருக்கு அல்ல.

வன்னி நிலத்தின் அடியில் இருப்பது பழைய படிகப்பாறை. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லைப் போல அது மழைநீரை உள்ளே வாங்கி வைத்திருக்காது; பாறைக்கு மேலே உக்கிய மண்படையில் கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான். அதனால் குடாநாட்டில் கமம் கிணற்றை நம்பியது, வன்னியில் குளத்தை நம்பியது. வன்னிக் கிணறுகளும் குளத்தை அண்டியே ஊறுகின்றன. குளம் வற்றினால் கட்டுக்குக் கீழுள்ள கிணறும் இறங்கிவிடும். மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் ஓடைகள் வெறும் மணலாகக் கிடக்கும். நிலமோ முற்றிலும் தட்டையில்லை, மெல்ல ஏறி இறங்கும்: மேட்டில் காடு, சரிவில் செம்மண், தாழ்வில் நீர் பிடிக்கும் களிமண். தாழ்வின் குறுக்கே இரு மேடுகளையும் தொட்டு மண்கட்டு போட்டால் மேற்புறம் குளம், கீழ்ப்புறம் வயல். மேற்குளத்தில் வழிவதும் அதன் வயலில் வடிவதும் அடுத்த குளத்துக்குப் போகும். இப்படி ஒரே தாழ்வில் கோர்த்த குளத்தொடரைச் சிங்களத்தில் ‘எல்லங்காவ’ என்பார்கள். புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் இதை ஒரு முழு அமைப்பாக எடுத்து விளக்கினார். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இலங்கை வறண்ட வலயத்தின் குளத்தொடர்க் கிராமங்களை உலக வேளாண் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இந்த நிலத்தில் ஊர்ப்பெயர்களே நீர்நிலைகளின் பதிவேடு. கேணி என்பது தோண்டிய சிறு நீர்நிலை. கோயிலின் தீர்த்தக் கேணியைப் போலக் கல்லால் கட்டியதாகவும் இருக்கலாம். நெடுங்கேணியின் பெயரில் இருப்பது அது. மடு என்பது ஓடையிலோ ஆற்றிலோ கோடையிலும் தண்ணீர் நிற்கும் பள்ளம்: ஒலுமடு, நைனாமடு, கற்சிலைமடு, இரணைமடு. மோட்டை ஆழமற்ற சிறு குட்டை: நொச்சிமோட்டை. பொக்கணை அதிலும் சிறிய நீர்க்குழி: புளியம்பொக்கணை. மருதமரம் நின்ற ஓடை மருதோடை. முத்தையன்கட்டும் உடையார்கட்டும் அணையின் பெயரைத் தாங்கியவை. தண்ணிமுறிப்பு அணை முறிந்த நினைவைத் தாங்கியது. வவுனியா நகரே பழைய ஆவணங்களில் வவுனியா விளாங்குளம். வன்னியில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலில் இத்தகைய பெயர்களையும் கவனித்து எழுதினார். ஆனால் அந்தக் கவனம் அவருடைய அலுவலகப் பதிவேடுகளுக்கு இறங்கவில்லை. கேணி குடிப்பதற்கு, மடு மாட்டுக்கு, மோட்டை மாரி முடிந்து சில கிழமைக்கு, குளம் வயலுக்கு என்று ஊரில் பெரும்பாலும் பிரிந்து கிடந்த பயன்கள் ஒரே தலைப்பின் கீழ் வந்தால், எதைத் திருத்தினால் எத்தனை ஏக்கர் விளையும் என்ற கேள்விக்கு மட்டுமே இடமிருக்கும். வயலுக்குப் பாய்ச்சாத மோட்டையும் கேணியும் அந்தக் கணக்கில் தேறாதவை.

ஒரு வன்னிக் குளத்துக்கு நாலு உறுப்பு. மண்ணால் ஆன குளக்கட்டு. மழை கூடும்போது மேலதிக நீர் வழிந்தோடும் வான். வயலுக்குத் தண்ணீர் விடும் துருசு. கட்டுக்கு எதிரே, நீர் ஏறி இறங்கும் மேற்கரையான அலைகரை. மாரியில் “குளம் வான் பாயுது” என்பது ஊருக்கு ஊர் பரவும் செய்தி. கட்டு தாங்குமா என்ற பயமும் இந்தப் போகம் தப்பிவிட்டது என்ற மகிழ்ச்சியும் அதில் சேர்ந்திருக்கும். துருசுச் சுவரில் அடிக்கணக்குக் குறித்திருப்பார்கள். மெற்றிக் அளவை வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் குளத்து நீர் அடியிலும் அங்குலத்திலுமே பேசப்படுகிறது. இரும்புத் தண்டைச் சுழற்றிக் கதவைத் தூக்கினால் முதலில் சருகும் சேறும் கலந்த கறுத்த நீர் குமுறிக்கொண்டு வரும், கொஞ்ச நேரத்தில் தெளியும். சிறு குளங்கள் பரந்தவை, ஆழம் குறைந்தவை. ஒரு கோடையின் வெயிலே கணிசமான நீரைக் குடித்துவிடும். தை கழிந்த பிறகு சுவரில் தெரியும் ஓர் அடி வித்தியாசம் சிறுபோகம் செய்வதா, நிலத்தைச் சும்மா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும்.

துருசு எல்லாக் குளத்திலும் எப்போதும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகள் கண்ட பல ஊர்க்குளங்களில் துருசு அழிந்து போயிருந்தது. தண்ணீர் வேண்டியபோது கட்டை வெட்டி விட்டு, பிறகு மண் போட்டு மூடினார்கள். வெட்டிய இடம் அடுத்த மாரியில் முதலில் உடையும். கட்டட வேலையான துருசை வைத்துக் கொடுத்ததுதான் அக்காலத் திருத்தங்களில் உண்மையிலேயே பயன் தந்த பகுதி.

குளத்தை ஆள்வது கட்டுவதைக் காட்டிலும் சிரமம். கட்டில் மண் போடுவதும் பற்றை வெட்டுவதும் வயல் வைத்திருப்போரின் பொறுப்பு. யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் காணியளவைப் பொறுத்தது. தண்ணீர் விடும் முறையையும் மாடு கட்டும் ஒழுங்கையும் வட்டவிதானை பார்த்தார். காலபோகத்துக்கு முன் கூட்டம் கூடி விதைப்பு நாள், தண்ணீர் திறக்கும் நாள், மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்ற வேண்டிய நாள் எல்லாம் முடிவாகும். சிறுபோகத்துக்கு நீர் போதாதபோது குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை எல்லோருக்கும் பங்கிட்டுச் செய்வார்கள். தன் காணியில் அந்தப் போகம் இன்னொருவர் விதைப்பதை உறுதிக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும். காணிச் சட்டத்துக்கு இது விளங்காத ஏற்பாடு, குளத்துக்கு விளங்கும். கட்டடியில் பிள்ளையாரோ ஐயனாரோ இருப்பார். அறுவடை முடிந்ததும் அவருக்குப் பொங்கல். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானை முறையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. பின்வந்த கமநலச் சட்டங்கள் அதைக் கமக்காரர் அமைப்பாக மாற்றின. பெயர்கள் மாறினாலும் ‘வட்டவிதானை’ என்ற பேச்சு கிளிநொச்சி வயல்வெளிகளில் இன்னும் அழியவில்லை.

நெடுங்கேணிக்குத் தெற்கே அதிக தூரமில்லாமல் பதவியாக் குளம் இருக்கிறது. சோழர் காலத்தில் அங்கே இரவிகுலமாணிக்க ஈஸ்வரம் என்ற சிவன் கோயில் இருந்ததற்குத் தமிழ்க் கல்வெட்டுகள் சான்று. அத்தனை பெரிய குளமும் உடைந்து பல நூற்றாண்டு காடாகக் கிடந்தது. 1950களில்தான் மறுபடி நீர் தேங்கியது. பெருங்குளம் உடைந்தால் அரசில்லாமல் கட்ட முடியாது. ஊர்க்குளம் உடைந்தால் ஊரே கட்டிவிடும். அரசுகள் சரிந்த நூற்றாண்டுகளில் வன்னிச் சிற்றரசர்களான வன்னியரின் ஆட்சி நிலைத்தது இந்தச் சிறு குளங்களை நம்பித்தான் என்று சொல்லலாம். அவர்களில் ஒருவனான பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் கற்சிலைமடுவில் தோற்ற பின் அந்த ஆட்சியும் முடிந்தது.

அதன்பின் வந்த அரை நூற்றாண்டு குளங்களுக்குக் கெட்ட காலம். காய்ச்சலும் பறங்கி நோயும் ஊர்களை வெறுமையாக்கின. 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் இலங்கையில் ஒழிக்கப்பட்டது. மனிதருக்கு அது விடுதலை, மறுக்க முடியாது. ஆனால் அதே ஊழியத்தில் நடந்த குளத்து வேலைக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. வராதவனை வரச்செய்யும் அதிகாரம் யாரிடமும் இல்லை. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் வந்த நீர்ப்பாசனச் சட்டம் பழைய ஊர்வழக்கங்களைச் சட்டத்தின் துணையோடு திரும்பவும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊரிடமிருந்து பறித்ததை ஊருக்கே ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தது போலத்தான் இது. ‘டாங்க்’ என்ற சொல் சட்டத்துக்குள்ளும் அளவைப் படத்துக்குள்ளும் நிலைபெற்றது இந்தக் காலத்தில்.

1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக உருவானது. கனகராயன் ஆற்றை மறிக்கும் இரணைமடு வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. கிளிநொச்சி நகரே அதன் பிள்ளை எனலாம். சுதந்திரத்துக்குப் பின் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் திருத்தப்பட்டுக் குடியேற்றங்கள் வந்தன. அந்தப் பெரிய திட்டங்களின் பளபளப்பில் நெடுங்கேணிப் பக்கத்துச் சிறு குளங்கள் பின்வரிசைக்குப் போயின. நிர்வாகம் இன்றும் குளங்களை ஒரு கோட்டால் பிரிக்கிறது: 200 ஏக்கருக்கு மேல் பாய்ச்சினால் நீர்ப்பாசனத் திணைக்களம், அதற்குக் குறைந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். வவுனியா வடக்கின் பெரும்பாலான குளங்கள் இரண்டாவது பக்கம். ஒரே தொடரில் மேற்குளம் ஒரு திணைக்களத்திடமும் கீழ்க்குளம் இன்னொன்றிடமும் இருக்கலாம். தண்ணீருக்கு இந்தக் கோடு தெரியாது.

வீட்டுக்குள் வந்த சொல் வேறு வழியில் வந்தது. இலங்கைத் தமிழ் அதைத் ‘தாங்கி’ என்று எழுதிக்கொண்டது. தாங்கு என்ற வினையும் சுமைதாங்கி என்ற பழைய சொல்லும் பக்கத்தில் இருந்ததால், அது கடன் வாங்கிய சொல் என்ற நினைப்பே பலருக்கு இல்லை. தண்ணீர்த் தாங்கி, எண்ணெய்த் தாங்கி, மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி எல்லாம் அந்த வரிசை. கிணற்றடியில் கட்டிய தொட்டி மட்டும் தொட்டியாகவே நின்றது. போரின்போதும் பிறகும் வன்னி வீடுகளில் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கிகள் பெருகின. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அடைபட்ட மக்கள் பவுசர் வண்டி தாங்கிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தைக் கணக்கிட்டு வரிசையில் நின்றவர்கள். ஊர் திரும்பியபோது நிவாரணப் பொருளாகவும் தாங்கி வந்தது. பதவியாப் பக்கத்தில் பலரைத் தாக்கிய, காரணம் முற்றாகத் துலங்காத சிறுநீரக நோயின் அச்சம் வவுனியாவிலும் பரவிய பின், கிணற்று நீரை விட்டுச் சுத்திகரித்த நீரைக் கானில் வாங்கிக் குடிக்கும் பழக்கம் வந்திருக்கிறது. குடிநீர் கேணியிலிருந்து தாங்கிக்கு மாறியது ஒரு தலைமுறைக்குள் நடந்த விஷயம்.

மூன்றாவது பொருள் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தது. 1915இல் அங்கே இரகசியமாகச் செய்த கவச வண்டியின் உண்மையை மறைக்க, அது தண்ணீர் கொண்டுசெல்லும் கலம் என்று தொழிலாளருக்குச் சொன்னார்கள்; மறைப்புக்கு இட்ட பெயரே நிலைத்துவிட்டது. 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்முனையில் அது முதன்முதலாகச் சண்டையில் இறங்கியது. இலங்கைப் படைக்கு ரி-55 ரகம் 1991இல் வந்தது. 1993 நவம்பரில் பூநகரி முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள் அந்த ரகக் கவச வண்டியைக் கைப்பற்றிக்கொண்டார்கள். வன்னிப் பேச்சிலும் பத்திரிகையிலும் அது ‘யுத்த தாங்கி’, சில வேளை ‘டாங்கி’. 1997 மே 13இல் படையினர் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையில் ஓர் அணி ஏ-9 வீதி வழியாகவும் இன்னோர் அணி மணலாற்றுப் பக்கத்திலிருந்து நெடுங்கேணி நோக்கியும் நகர்ந்தன. நெடுங்கேணி அந்த மாதமே படையினரிடம் வீழ்ந்தது. புளியங்குளத்தில் பல மாதம் டாங்கிகளோடு சண்டை நடந்தது. 1999 நவம்பரில் புலிகள் இப்பகுதியை மீட்டார்கள், போரின் இறுதிக் கட்டத்தில் திரும்பவும் இழந்தார்கள்.

இப்பகுதியிலிருந்து சனம் ஓடியதற்கு இந்தச் சண்டைகளுக்கும் முந்திய வரலாறு உண்டு. 1984 டிசம்பர் 2 அன்று நெடுங்கேணிக்கு அண்மையிலுள்ள ஒதியமலையில் 32 ஆண்கள் கொல்லப்பட்டார்கள். எல்லையோர ஊர்கள் அதைத் தொடர்ந்து வெறுமையாயின. ஆளில்லாத குளம் அதிக காலம் குளமாக இருக்காது. கட்டில் மரம் வேர்விடும், கறையான் புற்றெழுப்பும், வேர் உக்கிய ஓட்டை வழியே நீர் கசியும், ஒரு பெருமழையில் கட்டு முறியும். 1988இல் மணலாறு வர்த்தமானி வழியாக வெலிஓயா ஆனது. குளம் என முடிந்த பெயர்கள் சில அங்கே வெவ என முடியலாயின. குளத்துக்குச் சிங்களச் சொல் அது. பாலியின் வாபியும் தமிழின் வாவியும் அதற்கு உறவு. சொல்லுக்கு உள்ள உறவு காணிக்கு உதவவில்லை.

2009 ஜனவரியில் சொல்லின் மூன்று பொருளும் சில கிழமைக்குள் ஒன்றையொன்று முட்டின. 2ஆம் திகதி படையினர் கிளிநொச்சிக்குள் நுழைந்தபோது, ஏ-9 ஓரத்தில் நகரின் கொங்கிரீற்றுத் தண்ணீர்த் தாங்கி வேரோடு சாய்ந்து கிடந்தது. பின்வாங்கிய புலிகள் அதைத் தகர்த்ததாக அரசு சொன்னது. தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்த பயணிகளுக்குப் பின்னர் அது காட்சிப்பொருளும் ஆனது. 24ஆம் திகதி விசுவமடுப் பக்கத்தில் கல்மடுக்குளத்தின் கட்டு வெடிவைத்து உடைக்கப்பட்டது. முன்னேறும் படையையும் வண்டிகளையும் தடுக்கக் குளத்து நீரைத் திறந்துவிட்டார்கள். வெள்ளம் வயல்களையும் வீதியையும் மூடியது. போர் நகர்ந்துவிட்டது, அந்தக் குளம் பின்னர் திருத்தப்பட்டது.

போருக்குப் பின் இரணைமடு பெருஞ்செலவில் உயர்த்தப்பட்டு 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதே மாதம் பெருமழை கொட்டியது. வான்கதவுகள் திறந்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்ந்த ஊர்கள் நீரில் மூழ்கின; கதவைத் திறந்த நேரம் சரியா என்பது மாதக்கணக்கில் விவாதமானது. நெடுங்கேணிப் பக்கத்தில் வழக்கு வேறு விதம். மக்கள் இல்லாத காலத்தில் அலைகரையும் வயலும் காடாகிவிட்டன, அந்தக் காட்டைத் தன்னுடையதென்று வனத்துறை எல்லைக்கல் நாட்டுகிறது. குளத்தைத் திருத்த வேண்டுமானால் அது குளமாக இருந்ததை முதலில் காட்ட வேண்டும். முதியவர்களின் சொல் அலுவலகத்தில் செல்லாது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடங்களில், காட்டுப் பச்சைக்கு நடுவே, கைவிடப்பட்ட ‘டாங்க்’ என்ற குறிப்போடு சிறு சிறு நீர்நிலைகள் பெயருடன் பதிந்திருக்கின்றன. ஊரார் ஒருநாளும் சொல்லாத அந்தச் சொல்லே இப்போது அவர்களுக்குச் சான்று. கமக்காரர் அமைப்பின் விண்ணப்பம் தமிழில் குளம் என்று எழுதப்படுகிறது, இணைப்பாக ஆங்கில வரைபடத்தின் பிரதி போகிறது. உரிய திணைக்களங்கள் ஒப்பமிட்ட பிறகே கட்டில் மண் விழும்.